அளவுகோல் யார் கையில்?



"மக்கு" என்றொரு சொல் பள்ளிச் சுவர்களுக்குள் உலவுகிறது. எழுத்துக்கூட்டி வாசிக்கத் திணறும் சிறுவன்மீது அது வீசப்படுகிறது. அவன் ஏன் திணறுகிறான்? கண்ணிலே கோளாறா? காதிலே குறையா? எழுத்தையும் ஒலியையும் இணைப்பதிலே இடர்ப்பாடா? பசியா? பாடமொழி வேறு, வீட்டுமொழி வேறு என்பதாலா? கேட்பாரில்லை!

கேட்பதற்கென்றே ஒரு சோதனை பிறந்தது. 1905-ஆம் ஆண்டு, பாரிஸ் நகரிலே, ஆல்ஃபிரட் பினே என்ற உளநூல் வல்லுநரும் தியோடோர் சிமோன் என்ற மருத்துவரும் அதனை வகுத்தனர். பாடத்தில் பின்தங்கிய பிள்ளைகளைக் கண்டறிந்து, அவர்க்கேற்ற முறையில் கற்பிப்பதே நோக்கம். அறிவு பிறவியிலேயே அளந்து வைக்கப்பட்டது, அதைக் கூட்டவே முடியாது என்று பேசியோரை 1909-இல் எழுதிய நூலிலே பினே வன்மையாக மறுத்தார். ஆனால் அச்சோதனை அமெரிக்கக் கரை ஏறிற்று. அவர் மறுத்த கொள்கைக்கே கருவியாயிற்று.

கலிபோர்னியாவைப் பாருங்கள். 1968-69 கல்வியாண்டிலே அம்மாநில மாணவரில் கறுப்பினத்தார் நூற்றுக்கு 9 பேர். மூளை வளர்ச்சி குன்றியோர் என்று ஒதுக்கப்பட்ட வகுப்புகளிலோ நூற்றுக்கு 27 பேர்! அறிவு ஈவு 75-க்குக் கீழே என்று காட்டி ஒதுக்கினார்கள். ஒதுக்கப்பட்ட பிள்ளை பொது வகுப்புக்கு மீளும் வகையில் அங்கே பாடம் அமைக்கப்படவில்லை. சான்பிரான்சிஸ்கோவிலே பெற்றோர் 1971-இல் வழக்கிட்டனர். கறுப்பின உளநூல் வல்லுநர்கள் அதே பிள்ளைகளை அன்போடு அமரவைத்து, அவர்கட்குப் பழகிய சொற்களால் கேட்டு, மீண்டும் சோதித்தனர். அனைவரும் 75-ஐத் தாண்டினர்! ஒரே பிள்ளை, ஒரே சோதனை. கேட்ட விதம் வேறு, அவ்வளவுதான். 1979-இல் நீதிபதி ராபர்ட் பெக்காம், அவ்வகுப்புகளுக்குக் கறுப்பினப் பிள்ளைகளைத் தள்ள அச்சோதனைகளைப் பயன்படுத்தலாகாது எனத் தீர்ப்பளித்தார்.

வெற்றி முழக்கத்தோடு நிறுத்துவதாயின் இக்கட்டுரையே தேவையில்லை. 1986-இல் அத்தடை, தனிக்கல்விக்கான எல்லா மதிப்பீட்டுக்கும் விரிக்கப்பட்டது. விளைவு? வாசிக்கத் திணறும் மகனைச் சோதித்து வழிகாட்டுங்கள் என்று பெற்றோரே கோரினாலும், கறுப்பினத்தவன் என்பதால் அச்சோதனை மறுக்கப்பட்டது. காக்க எழுப்பிய மதிலே கதவை அடைத்துக்கொண்டது! மறுக்கப்பட்டவர்கள் வழக்கிட்டனர், 1992-இல் அதே பெக்காம் 1986 ஆணையை நீக்கினார். முன்னைய தீர்ப்பு என் தீர்ப்பாயிற்றே என்று வீம்பு பேசாத அந்த நேர்மையைப் பாராட்டத்தான் வேண்டும்.

சோதனையே சூது என்று சினந்தெழுவோர் நம்மிடையே உண்டு. அவர்தம் சினத்திற்குக் காரணமும் உண்டு. ஆயினும், சோதிக்காமல் விடப்பட்ட ஏழைப் பிள்ளைக்கு என்ன கிடைத்தது? பிரம்பு கிடைத்தது, பிறகு வேலைக்களம் கிடைத்தது. வசதி படைத்தோர் தம் பிள்ளையைத் தனி வல்லுநரிடம் அழைத்துச் சென்று, காரணம் அறிந்து, பயிற்சியும் பெற்றுக் கொள்கின்றனர்.

இந்தியாவிலே 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டையும் தன் பட்டியலில் சேர்த்தது. அத்தகைய பிள்ளைகளை விரைவிலே கண்டறிந்து, ஏற்ற கற்பித்தல் வழங்க வேண்டும் என்றும் கூறுகிறது. சட்டப் புத்தகத்தில் இருப்பது உங்கள் ஊர்ப் பள்ளிக்கு வந்துள்ளதா? தலைமையாசிரியரை அணுகுங்கள். பிள்ளையை எந்த மொழியிலே சோதித்தார்கள், சோதித்த பிறகு வகுப்பிலே பாடம் சொல்லும் முறை எப்படி மாறிற்று என்று கேளுங்கள். இரண்டாவது கேள்விக்குச் சான்றிதழை மட்டும் எடுத்துக் காட்டினால், எழுந்து வந்துவிடாதீர்கள்.