கட்டிய இடம் கிடக்க, ஏரிக்கரையைத் தேடும் திட்டம்

சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின் எல்லை 1,189 சதுர கிலோமீட்டராக இருந்தது. 2022 அக்டோபரில் அதை 5,904 சதுர கிலோமீட்டராக விரித்தார்கள். கண்டபடி மனைப்பிரிவுகள் முளைக்கும் ஊர்களுக்கு ஒரு திட்டம் வேண்டும் என்பதால் அதைக் குறை சொல்ல மாட்டோம். ஆனால் விரிந்த எல்லை முழுவதையும் வெறும் நிலமாகவே அரசு பார்க்கிறது. 2025 நிதிநிலை அறிக்கையில் சென்னைக்கு அருகே 2,000 ஏக்கரில் புதிய நகரம் என்று அறிவித்தார்கள். ஏற்கெனவே கட்டப்பட்டு, சாலையும் மின்சாரமும் குடிநீரும் வந்து சேர்ந்த எத்தனை ஏக்கர் புறநகரில் பூட்டிக் கிடக்கிறது என்பதையல்லவா முதலில் சொல்லியிருக்க வேண்டும்? இந்த அலட்சியத்தை வன்மையாகக் கண்டிக்கிறோம்.

கோயம்பேட்டைப் பாருங்கள். 2002இல் திறந்த பேருந்து நிலையம், சுமார் 36 ஏக்கர். வாசலிலேயே மெட்ரோ. 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கத்தில் 88 ஏக்கரில், கிட்டத்தட்ட 400 கோடி ரூபாயில் புதிய முனையம் திறந்து, தென்மாவட்டப் பேருந்துகளை அங்கே மாற்றினார்கள். நெரிசலைக் குறைக்க அது தேவைதான். ஆனால் திறப்பு நாளில் அங்கே ரயில் நிலையம் இல்லை, மெட்ரோவும் இல்லை. மூட்டை முடிச்சோடும் குழந்தைகளோடும் நள்ளிரவில் வந்து இறங்கிய குடும்பங்கள் ஆட்டோவுக்கு அலைந்தன. மெட்ரோ உள்ள இடத்தில் பேருந்து குறைந்தது. பேருந்து போன இடத்தில் அப்போது ரயில் இல்லை. இதற்குப் பெயர் திட்டமிடலா? கோயம்பேட்டு நிலம் தனியார் வணிக வளாகத்துக்குப் போகிறது என்ற பேச்சு 2024 தொடக்கத்தில் எழுந்தபோது அரசு மறுத்தது. மறுப்பு மட்டும் போதாது. அது பொதுப் பயன்பாட்டில்தான் இருக்கும் என்று அரசாணையாகவே வர வேண்டும்.

பழைய இடத்துக்குப் புது உயிர் கொடுப்பது இங்கே தெரியாத வேலையும் அல்ல. ஸ்ரீபெரும்புதூரில் 2014 நவம்பரில் மூடிய நோக்கியா ஆலைக்குச் சில ஆண்டுகள் கழித்து சால்காம்ப் நிறுவனம் வந்தது. அதே கூரையின் கீழ் மறுபடி வேலை நடந்தது. மறைமலை நகர் ஃபோர்டு ஆலையில் 2022இல் உற்பத்தி நின்றது; அதைத் திரும்ப இயக்கப்போவதாக 2024இல் நிறுவனம் அறிவித்தது. சட்டமன்றத்துக்கும் தலைமைச் செயலகத்துக்கும் என்று ஓமந்தூரார் வளாகத்தில் கட்டிய கட்டடம் 2014இல் பன்னோக்கு மருத்துவமனை ஆனது. அதன் பின்னால் இருந்த அரசியலை விடுங்கள். இன்று அங்கே நோயாளிகள் குணமாகிறார்கள். தியேட்டரைக் கல்யாண மண்டபமாகவும், அரிசி ஆலையைக் கிடங்காகவும் மாற்றத் தனிமனிதருக்குத் தெரிகிறது. தொழில் துறைக்கும் தெரிகிறது. வீட்டுவசதி, நகர்ப்புற வளர்ச்சித் துறைக்கு மட்டும் ஏன் தெரியவில்லை?

தெரியாததற்கு விலை கொடுப்பவர்கள் புறநகர் மக்கள். 2015 டிசம்பரில் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் மக்களைப் படகில் மீட்டோம். பெரும்பாக்கத்தில், பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டி, கூவம், அடையாற்றுக் கரைகளிலிருந்து பெயர்த்தவர்களை அடுக்குமாடிகளில் குடிவைத்தோம்; வெள்ளத்துக்குப் பயந்து கரையிலிருந்து கிளப்பப்பட்டவர்கள் மறுபடி வெள்ளத்துக்குள்ளேயே போய்ச் சேர்ந்தார்கள். 2022இல் அந்தச் சதுப்பு நிலத்துக்கு ராம்சார் அங்கீகாரம் கிடைத்தது. மறு ஆண்டே மிக்ஜாம் புயலில் அதைச் சுற்றிய குடியிருப்புகள் நாள்கணக்கில் தண்ணீரில் நின்றன. வயலை மனையாக்கினால் மழைநீர் தங்க இடமில்லை. வந்து குடியேறியவர்களுக்கோ பாதாளச் சாக்கடை எட்டாது. தண்ணீர் லாரியும் கழிவுநீர் லாரியும்தான் வாழ்க்கை. கட்டிய இடத்தை மறுபடி பயன்படுத்தியிருந்தால் இவற்றில் பாதி வேலை முன்னமே முடிந்திருக்கும்.

சென்னைப் பெருநகரின் இரண்டாம் முழுமைத் திட்டத்தின் காலம் 2026 வரைதான். மூன்றாவது திட்டத்தில் திருத்தம் வந்தாக வேண்டும். பூட்டிக் கிடக்கும் ஆலைகள், கைவிட்ட அரசு அலுவலகங்கள், பழைய குடியிருப்புகள், காலி வளாகங்கள் அனைத்தையும் சர்வே எண்ணோடு பட்டியலிட்டு வெளியிடுங்கள். அந்தப் பட்டியலில் பொருத்தமான இடம் இல்லை என்று எழுத்தில் காட்டாத வரை, விளைநிலத்துக்கும் ஏரி நீர்ப்பிடிப்புக்கும் நிலப் பயன் மாற்றம் தராதீர்கள். பழைய கட்டடத்தை வேறு வேலைக்குத் திருப்ப விரும்புபவரிடம் புதுக் கட்டடத்துக்கான பக்க இடைவெளியும் வாகன நிறுத்தமும் கேட்டால் அவர் இடிக்கத்தான் செய்வார். இப்படிப்பட்டவர்களுக்கென்று தனி விதி எழுதுங்கள். பெருங்குடிக் குப்பைமேட்டில் மீட்கும் நிலத்தில் ஒரு செங்கல்கூட வைக்காமல் பள்ளிக்கரணைச் சதுப்புக்கே திருப்பிக் கொடுங்கள்.

மூன்றாவது திட்டத்தின் வரைவு மக்கள் கருத்துக்கு வரும் நாளில் புறநகர்வாசிகள் சும்மா இருக்கக் கூடாது. உங்கள் ஊரில் எந்தக் கட்டடம் பூட்டிக் கிடக்கிறது, எந்த ஏரிக்கரையில் புது மனை அளக்கிறார்கள் என்பது அதிகாரிகளைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். இரண்டையும் எழுதி, கையெழுத்திட்டு, ஆட்சேபமாக அனுப்புங்கள்.