குதிரைக்காரனும் கடன்பட்டவரும்



நசரத்பேட்டையில், பெங்களூர் லாரிகளின் இரைச்சல் நள்ளிரவிலும் ஓயாத நெடுஞ்சாலையோரம் என் மூத்த சகோதரியின் வீடு இருக்கிறது. "தம்பி, மூத்தவன் இரவெல்லாம் அந்த விளையாட்டில் உட்கார்ந்துவிட்டு சுபுஹுக்கு எழுவதில்லை. நீ வந்து இரண்டு வார்த்தை சொல்" என்று அவர் அழைத்ததன் பேரில், ஒரு வியாழக்கிழமை மஃரிபுக்குப் பின் சென்றேன். கண்டிக்கச் சென்றவன், இரண்டு மணி நேரம் அவன் அருகில் அமர்ந்து பார்த்தேன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

விளையாட்டின் பெயர் 'ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2'. அமெரிக்காவின் ராக்ஸ்டார் கேம்ஸ் நிறுவனம் 2018 அக்டோபரில் வெளியிட்டது. கதை நிகழும் ஆண்டு 1899. ஆர்தர் மார்கன் என்னும் கொள்ளைக்காரன்தான் நாயகன். சிவகாசியிலிருந்து வரும் முத்து, லயன் காமிக்ஸ்களை, டெக்ஸ் வில்லரை, கிதாபுக்குள் மறைத்துவைத்துப் படித்த எனக்கு அந்தத் தொப்பியும் துப்பாக்கியும் புதிதல்ல. புதிதாக இருந்தது அதன் நிதானம். குதிரையைத் தேய்த்துச் சுத்தம் செய்ய வேண்டும். தீனி கொடுக்க வேண்டும். கவனித்தால் அது எசமானனிடம் நெருங்குகிறது. செத்துவிட்டால் அந்தக் குதிரை போனதுதான். மேசை அறைகளைக்கூட ஒவ்வொன்றாகத் திறந்துதான் பார்க்க வேண்டும். ஓட்டமும் பாய்ச்சலுமே விளையாட்டு என்று எண்ணியிருந்த எனக்கு இது வியப்பாயிருந்தது. தாகித்த நாய்க்குக் காலுறையில் நீர் மொண்டு கொடுத்தவருக்குப் பாவமன்னிப்புக் கிடைத்த ஹதீஸ் நினைவுக்கு வந்தது.

ஆனால், அந்தக் குதிரையில் ஏறி அவன் போவது எங்கே? வழிப்பறிக்கு, வட்டி வசூலுக்கு.

வட்டி என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கூட்டத்தில் ஸ்ட்ராஸ் என்றொருவன் ஏழைகளுக்குக் கடன் கொடுக்கிறான். தாமஸ் டவுன்ஸ் என்னும் நோயாளியால் திருப்பித் தர முடியவில்லை. ஆர்தர் அவரை அடிக்கிறான். அவர் இருமிய இரத்தம் இவன் முகத்தில் தெறிக்கிறது. காசநோய் தொற்றிக்கொள்கிறது. அன்று அதற்கு மருந்தில்லை. (வீட்டிலிருந்தபடியே அந்நோயைக் குணப்படுத்தலாம் என்று உலகுக்குக் காட்டிய ஆய்வு 1956இல் நம் சென்னையில்தான் தொடங்கியது.) கடன்பட்டவர் சிரமத்தில் இருந்தால் வசதி வரும்வரை அவகாசம் கொடுக்கச் சொல்லும் அல்பகராவின் 280ஆவது வசனத்தை எத்தனை ஆண்டுகளாக ஓதிக் கொடுக்கிறேன்! 2003இலேயே நம் மாநிலத்தில் கந்துவட்டித் தடைச் சட்டம் வந்தும், தண்டல்காரன் கடை வாசலில் நின்று கூச்சலிடுவதைக் கண்டுகொள்ளாமல் கடந்து போகிறோம். அந்த அடியைப் பார்த்தபோது பிள்ளையின் முகம் வாடியதை நான் கண்டேன். என் பாடத்தில் அது வாடியதில்லை.

இதற்கிடையில் இஷாவுக்குப் பாங்கு ஒலித்தது. "இதோ மாமா, குதிரையைத் துடைத்துவிட்டு வருகிறேன்" என்றான். நானும் "சரி" என்றேன். இருவருக்கும் ஜமாஅத் தவறிற்று. கதையை மட்டும் ஆடி முடிக்கவே ஏறத்தாழ 50 மணி நேரமாகுமாம். ஒரு ஜுஸ்வை நிதானமாக ஓத முக்கால் மணி என்று வைத்தாலும், குர்ஆனை இரண்டு முறை ஓதி முடித்துவிடலாம். இந்தக் கணக்கை அவனிடம் சொல்ல எனக்கு அன்று முகமில்லை.

தொழுதுவிட்டு வந்தபின் அவனே கேட்டான்: "மாமா, ஆர்தர் கடைசியில் கடன்களைத் தள்ளிவிடுகிறார், ஸ்ட்ராஸையும் விரட்டிவிடுகிறார். இதெல்லாம் தவ்பா ஆகாதா?"

நூறு பேரைக் கொன்றபின் திருந்த எண்ணி நல்லோரின் ஊரை நோக்கிப் புறப்பட்டு, வழியிலேயே இறந்தவரின் வரலாற்றைச் சொன்னேன். "அவர் தீய ஊரை விட்டுக் கிளம்பினார், உன் ஆர்தர் கடைசிவரை துப்பாக்கியைக் கீழே வைக்கவில்லையே" என்றேன். அவன் விடவில்லை. நல்லது செய்தால் நன்மதிப்பு ஏறும், தீயது செய்தால் இறங்கும், முடிவும் அதற்கேற்ப மாறும் என்று விளக்கினான். "ஒருவரைத் தவறிச் சுட்டுவிட்டால்?" என்றேன். "பழைய இடத்திலிருந்து மறுபடி ஆடலாம்" என்றான். "அடியார்களின் உரிமையில் அந்த வசதி இல்லையப்பா. அடிபட்டவரைத் தேடிப்போய் மன்னிப்புக் கேட்டாக வேண்டும்" என்றேன். சற்று நேரம் பேசாமல் இருந்தான்.

பெட்டியை விற்றுவிடும்படி நான் சகோதரியிடம் சொல்லவில்லை. கல்லூரியில் படிப்பவன், ஒளித்து ஆடுவதைவிட வீட்டுக் கூடத்தில் ஆடட்டும். ஆனால் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்த பதினொரு வயது இளையவனை உள்ளே அனுப்பச் சொன்னேன். ஐரோப்பாவில் 18 வயதுக்கும், அமெரிக்காவில் 17 வயதுக்கும் குறைந்தவர்களுக்கு ஆகாதென்று மதிப்பிடப்பட்ட பண்டம் அது. குடியும் கொலையும் அதில் கொஞ்சமல்ல.

அன்றிரவு அங்கேயே தங்கினேன். சுபுஹு ஜமாஅத்தின் இரண்டாம் ரக்அத்தில் மூச்சிரைக்க வந்து சேர்ந்தான். விடுபட்ட ரக்அத்தை அவன் எழுந்து தொழுது முடிக்கும்வரை பள்ளிவாசல் படியில் காத்திருந்தேன்.