குற்றவாளி ஊசியா?

"இன்சுலின் ஏற்றத் தொடங்கினால் கடைசியில் காலைக் கழற்றுவார்கள்" என்பது மட்டக்களப்பு வாவிக்கரையில் பழகிப்போன வாதம். கணக்கு தலைகீழ். குறிஞ்சா இலைச் சாறு போதுமென்று வருடக்கணக்காகச் சீனி வருத்தத்தை வளர்த்து, புண் அழுகியபின் ஆசுபத்திரிக்கு ஓடுகிறோம். அப்போதுதான் ஊசி, கால் போனால் பழியும் ஊசிக்கே. நரம்பையும் இரத்தக் குழாயையும் கெடுத்தது கட்டுக்கடங்காத சீனியல்லவா?

1922 ஜனவரியில் ரொறன்ரோவில் 14 வயதுச் சிறுவனுக்கு முதல் ஊசி ஏற்றும்வரை, முதலாம் வகை நீரிழிவுப் பிள்ளைகளுக்குப் பட்டினிதான் வைத்தியம், முடிவு மரணம்.

ஊசியிலும் ஆபத்துண்டு: அளவு கூடினாலோ சாப்பாடு தவறினாலோ சீனி சட்டெனச் சரியும். தோணியில் போகிறவர் மடியில் குளுக்கோஸ் வைத்திருக்கட்டும். குறிஞ்சா வறை சோற்றுக்கு நல்ல கறி; ஊசிக்கு மாற்றல்ல.