பூனை மணல் பெட்டியைத் தவிர்க்கிறதா?

தூத்துக்குடியில் மீன் ஆயும் வீட்டில் பூனைக்கும் ஒரு பங்கு உண்டு. அந்தச் செல்லப்பூனை திடீரென மணல் பெட்டியை விட்டுவிட்டு மெத்தையில் சிறுநீர் கழித்தால் கோபம் வரும். ஆனால் அது திமிர் அல்ல. உடம்புக்கு முடியாமலும் இருக்கலாம்.

ஆண் பூனை அடிக்கடி உட்கார்ந்து முக்கியும் சொட்டுகூட வரவில்லையா? சிறுநீர்ப் பாதை அடைத்திருக்கலாம். ஓரிரு நாளில் உயிருக்கே ஆபத்து. 'நாளைக்குப் பார்க்கலாம்' என்று இருக்காமல் உடனே கால்நடை மருத்துவரிடம் தூக்கிச் செல்லுங்கள். அருகில் வசதி இல்லையென்றால், திருநெல்வேலி ராமையன்பட்டியில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

நோய் இல்லை என்று தெரிந்த பிறகு பெட்டியைக் கவனியுங்கள்.

* கழிவைத் தினமும் அள்ளுங்கள்.
* 2 பூனைகள் என்றால் 3 பெட்டிகள் வையுங்கள்.
* சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் பெட்டி வேண்டாம்.
* குடிக்கத் தண்ணீர் எப்போதும் இருக்கட்டும்.
* கறையை அம்மோனியா கலந்த திரவத்தால் துடைக்காதீர்கள். அதுவும் சிறுநீர் வாடையே அடிப்பதால், பூனை மறுபடி அங்கேயே போகும்.

நின்றபடி சுவரில் பீய்ச்சினால், அது எல்லை குறிக்கும் பழக்கம். கருத்தடை செய்தால் பெரும்பாலும் குறையும்.

அடிக்க மட்டும் செய்யாதீர்கள். பயந்த பூனை கட்டிலுக்கு அடியில் ஒளிந்து போகப் பழகிவிடும்.