‘மனிதக் கால் படாத தீவு’ என்று எழுதுகிறவர்களுக்கு



சனி ஞாயிறில் நண்பர்களோடு பாம்பன் போய், குந்துகாலில் வனத்துறைப் படகு ஏறி, குருசடைத் தீவைப் பார்த்துவிட்டு வருகிறீர்கள். தாராளமாகப் போய் வாருங்கள். ஆனால் படத்துக்குக் கீழே ‘மனிதக் கால் படாத தீவு’ என்று எழுதுகிறீர்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

பாம்பன் கரையோரப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக அந்தத் தீவுகளைச் சுற்றி மூழ்கிக் கடற்பாசி எடுத்தவர்கள். 1986-இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்காவாயின. அதன்பிறகு அவர்கள் போனால் அத்துமீறல். டிக்கெட் வாங்கிய நாம் போனால் சுற்றுலா! இது என்ன நியாயம்?

தீவுகளைக் கெடுத்தது பாசி எடுத்த கையா? சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளப்பாறையை வெட்டி வெட்டியே பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் போயின. குருசடைப் பக்கம் பவளத்தின் மேல் படர்ந்து மூடிய கப்பாபைகஸ் பாசியோ, வியாபாரத்துக்காக வெளியிலிருந்து கொண்டுவந்து வளர்த்தது. 

குந்துகாலுக்குப் பக்கத்தில்தான் சின்னப்பாலம். அடுத்த முறை அங்கே அரைமணி நேரம் உட்கார்ந்து அந்தப் பெண்களிடம் பேசுங்கள். படத்துக்கு என்ன எழுதுவது என்று பிறகு முடிவு செய்யலாம்.