வில்லுக்கேற்ற தோளா? தோளுக்கேற்ற வில்லா?

(பத்தாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி ஒருவரின் கருத்து)

வில் என்றதும் நம் நினைவுக்கு வருவோர் யாவர்? சிவதனுசை ஒடித்த இராமன், காண்டீபம் ஏந்திய அருச்சுனன், கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரி. ஓரியின் பெயரிலேயே வலிய வில் ஒன்று இருக்கிறது. இக்கதைகளைக் கேட்டு வளர்ந்த நாம், நல்ல வில் என்றால் அது எளிதில் வளையாததாக இருக்க வேண்டும் என்றும், அதை வளைப்பவர் மலை போன்ற தோள் உடையவராக இருக்க வேண்டும் என்றும் எண்ணிவிடுகிறோம். இந்த எண்ணம் கதைக்குப் பொருந்தும். வில் வாங்கப் போகும் கடைக்குப் பொருந்தாது.

இன்று வில்வித்தை பெண்களும் விரும்பிக் கற்கும் விளையாட்டாகிவிட்டது. குறிபார்க்கும் கருவியோ, அதிர்வைத் தாங்கும் நீண்ட தண்டுகளோ இல்லாமல், கண்ணையும் கையையும் மட்டுமே நம்பி எய்யும் மரபுவழி வில்வித்தையில் பலருக்கு ஆர்வம் பிறந்திருக்கிறது. மகளின் ஆசையை மதித்து வில் வாங்கித் தரப் பெற்றோரும் முன்வருகின்றனர். ஆனால் எந்த வில்லை வாங்குவது என்ற இடத்தில்தான் பலர் தடுமாறுகின்றனர். முதல் வில் டேக்டவுன் ரிகர்வ் என்னும் பிரித்துப் பூட்டும் வில்லாக இருக்க வேண்டும், அதன் இழுவிசை மிகக் குறைந்ததாக இருக்க வேண்டும் என்பதே என் தாழ்மையான, ஆனால் உறுதியான கருத்து.

ரிகர்வ் வில்லின் இரு நுனிகளும், எய்பவருக்கு எதிர்ப்புறமாக வெளிநோக்கி வளைந்திருக்கும். அந்த வளைவே அம்புக்குக் கூடுதல் வேகம் தருகிறது. இதில் ஒரே துண்டாகச் செய்த வில்லும் உண்டு; மூன்று துண்டாகப் பிரியும் வில்லும் உண்டு. மூன்றாகப் பிரிவதையே டேக்டவுன் என்பர். கையில் பிடிக்கும் நடுப்பாகத்துக்கு ரைசர் என்று பெயர். அதன் மேலும் கீழும் பூட்டப்படும் வளையும் தண்டுகளுக்கு லிம்ப் என்று பெயர். மரபுவழி வில்லில் ரைசர் பெரும்பாலும் மரத்தால் ஆனது. லிம்ப் மரத்தையும் கண்ணாடி இழையையும் அடுக்கி ஒட்டிச் செய்யப்படுவது. வில்லின் பலம் முழுவதும் லிம்பில்தான் இருக்கிறது. ஆகவே லிம்பை மாற்றினால், ரைசர் அதுவாகவே இருக்க, வில்லின் பலம் மாறிவிடும்.

இதன் பயனை நம் வீட்டு வழக்கம் ஒன்றைக் கொண்டே விளக்கலாம். ஜூன் மாதம் சீருடை தைக்கும்போது, "வளரும் பெண்தானே, கொஞ்சம் பெரிதாகவே தையுங்கள்" என்று தையற்காரரிடம் சொல்லாத தாய்மார் உண்டோ? பாவாடையின் கீழ் மடிப்பை உள்ளே மடித்துத் தைத்து, ஆண்டுக்கு ஆண்டு பிரித்துவிடுவது சிக்கனமான குடும்பத்துக்கு அழகு. இதே சிக்கனத்தை வில்லிலும் காட்ட நினைத்து, "மூன்று ஆண்டு கழித்தும் உதவட்டும்" என்று பலமான வில்லை வாங்கிவிடுகின்றனர். பாவாடையை மடிக்கலாம், நாற்பது பவுண்டு வில்லை எப்படி மடிப்பது? டேக்டவுன் வில்லில்தான் அந்த மடிப்பு இருக்கிறது. இன்று மெல்லிய லிம்ப், தோள் வளர்ந்தபின் அடுத்த லிம்ப். புதிய வில்லையே வாங்குவதைவிட ஒரு ஜோடி லிம்ப் வாங்குவது பெரும்பாலும் செலவு குறைவு. பெற்றோர் தேடும் சிக்கனம் இதுவே அன்றோ?

இனி இழுவிசை என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்; பலரும் ஏமாறும் இடம் இதுதான். லிம்பின் மீது '25' என்று எழுதியிருந்தால், அது வில்லைத் தூக்கும் எடை அன்று. நாணை 28 அங்குல அளவுக்கு இழுத்தால் விரல்களில் தாங்க வேண்டிய பாரம் 25 பவுண்டு என்பது பொருள். ஆனால் எல்லாரும் 28 அங்குலம் இழுப்பதில்லை. இரு கைகளையும் பக்கவாட்டில் விரித்து, ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மறு நடுவிரல் நுனி வரை அளந்து, அதை இரண்டரையால் வகுத்தால் நாம் இழுக்கக்கூடிய நீளம் ஏறத்தாழத் தெரிந்துவிடும். கைவிரிப்பு 60 அங்குலம் உள்ள ஒரு மாணவிக்கு அது 24 அங்குலம். ஒவ்வோர் அங்குலம் குறையும்போதும் சுமார் இரண்டு பவுண்டு குறையும் என்பது பொதுவான கணக்கு. எனவே அவள் கையில் அந்த வில் 17 பவுண்டளவே காட்டும். அதே வில்லை உயரமான அவள் அண்ணன் எடுத்தால் பாரம் கூடிவிடும். அண்ணனுக்குப் பொருந்திய வில் தங்கைக்கும் பொருந்தும் என்று கொள்வது கணக்கே தெரியாத பேச்சு.

"பதினேழு பவுண்டா? அது சிறுபிள்ளை விளையாட்டு" என்று சிலர் நகைக்கக்கூடும். அவர்கள் இன்னொரு கணக்கையும் போட்டுப் பார்க்கட்டும். ஒரு மாலைப் பயிற்சியில் 60 அம்பு எய்தால், 17 பவுண்டு வில்லில் நாம் இழுக்கும் மொத்தப் பாரம் 1,020 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 460 கிலோ. கையில் 40 பவுண்டு காட்டும் வில் என்றால் ஆயிரம் கிலோவைத் தாண்டிவிடும்! இந்தப் பாரத்தைத் தாங்க வேண்டியது முதுகுத் தசை. அது பழகாத நாளில் தோளும் முழங்கையும் அப்பாரத்தை ஏற்கின்றன. உடல் பின்னால் சாய்கிறது. தோள் காதை நோக்கி ஏறுகிறது. நாண் முகத்தைத் தொடுமுன்பே விரல் நழுவி விடுகிறது. நாளடைவில் அந்தத் தவறே பழக்கமாகிறது, தோள்வலி உடன் சேர்கிறது. "எனக்கு வில் வராது" என்று அந்தப் பெண் ஒதுங்கிவிடுகிறாள். உண்மையில் வராதது வில்வித்தை அன்று, அந்த வில்தான். எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பது பழமொழி. இங்கோ வில்லை வாங்கியவர் இருக்க, எய்தவள் நோகிறாள்!

தேர்வு செய்ய எளிய சோதனை ஒன்று உண்டு. பயிற்சியாளர் அருகில் இருக்க, வில்லை இலக்கு நோக்கி நேராக நீட்டி நாணை முழுவதும் இழுத்து, பத்து எண்ணும்வரை நடுங்காமல் நின்று, பின் நாணை விடாமல் மெல்லப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும். வில்லை வானத்தை நோக்கித் தூக்கினால்தான் இழுக்க முடிகிறது என்றால் அது நமக்குப் பெரிய வில். விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும் என்று பெரியோர் சொன்னது இதற்கும் பொருந்தும். இச்சோதனையின்போது அம்பில்லாமல் நாணை விட்டுவிடக் கூடாது. அம்பு ஏற்க வேண்டிய விசை முழுவதும் லிம்பிலேயே பாய்ந்து, வில் உடையவும் எய்பவர் காயமடையவும் கூடும்.

அடுத்து வில்லின் நீளம். மிகக் குட்டையான வில்லை நீளமாக இழுத்தால் நாண் விரல்களைக் கூர்மையாக நெரிக்கும். மிக நெடிய வில்லைக் குறைவாக இழுத்தால் லிம்ப் தன் முழு வேலையைச் செய்யாது. 24 அங்குலம் இழுப்பவருக்கு 62 அங்குல வில் வசதியானது. தொடக்கநிலையினரிடையே உலகெங்கும் பெயர்பெற்ற கொரியத் தயாரிப்பான சாமிக் சேஜ் என்னும் டேக்டவுன் வில்லின் நீளமும் 62 அங்குலமே. அதற்கு 25 பவுண்டில் தொடங்கி 60 பவுண்டு வரை, ஐந்தைந்து பவுண்டு இடைவெளியில் லிம்புகள் வெளிவந்தன. ஒரே ரைசரோடு படிப்படியாக ஏறும் முறைக்கு அது நல்ல எடுத்துக்காட்டு. 62 அங்குலம் என்றால் ஐந்தடி இரண்டு அங்குலம். நம்மில் பலருடைய உயரத்தைவிட அதிகம்! ஒரே துண்டான அத்தகைய வில்லோடு மாலை நேர நகரப் பேருந்தில் ஏறிப் பார்த்தால், பிரித்துப் பையில் வைக்கும் வில்லின் அருமை தானே விளங்கும்.

எந்தக் கைக்கு உரிய வில் என்பதையும் பார்க்க வேண்டும். வலக்கையால் நாணை இழுப்பவர் இடக்கையில் வில்லைப் பிடிப்பார். அதுவே வலக்கை வில் எனப்படும். எழுதும் கையை மட்டும் பார்த்து முடிவு செய்வது போதாது. எந்தக் கண் முதன்மையானது என்றும் அறிய வேண்டும். இரு கைகளையும் நீட்டி, விரல்களுக்கிடையே சிறு சாளரம் அமைத்து, தொலைவில் உள்ள ஒரு பொருளை இரு கண்ணாலும் பாருங்கள். பின் ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண் மட்டும் திறந்திருக்கும்போது பொருள் சாளரத்திலேயே நிற்கிறதோ, அதுவே முதன்மைக் கண். இடக்கை, வலக்கை என்ற வேறுபாடு ரைசருக்கு மட்டுமே. லிம்ப் இருவருக்கும் பொது.

கடைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "இந்த ரைசருக்கு வேறு லிம்ப் இரண்டு ஆண்டு கழித்தும் கிடைக்குமா?" திருகாணியால் முடுக்கும் வில்களில் பெரும்பாலும் அந்தந்த வகைக்கு உரிய லிம்பே பொருந்தும். ஐ.எல்.எஃப். என்ற பொது அளவில் செய்தவற்றில் ஒரு நிறுவனத்தின் ரைசரில் மற்றொரு நிறுவனத்தின் லிம்பும் பொருந்தும்; விலை சற்றுக் கூடுதலாக இருக்கும். லிம்ப் கிடைக்காத டேக்டவுன் வில், பிரித்துவிட மடிப்பில்லாத பாவாடைதான்.

ஒரே துண்டான வில்லை விரும்புவோர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. அது பார்வைக்கு அழகு. பெரும்பாலும் கைக்கும் இலேசு. தளர்ந்து போகத் திருகாணியும் இல்லை. இவற்றை நான் மறுக்கவில்லை. ஆனால் இவை தன் அளவை அறிந்துகொண்ட ஒருவர் இரண்டாவது வில் வாங்கும்போது எண்ண வேண்டியவை. வளரும் பருவத்தில் இருக்கும் நமக்கு, மாறக்கூடிய வில்லே துணை. திருகாணியை ஒவ்வொரு முறையும் சரிபார்ப்பது, காலையில் காலணியின் நாடாவை இறுக்குவதைவிடக் கடினமான வேலை அன்று.

வில்லுக்கே பணம் முழுவதையும் செலவிட்டுவிடவும் கூடாது. நாண் பூட்டுவதற்கென்று உள்ள கயிறு அவசியம்; காலிடுக்கில் வில்லை வளைத்து நாண் பூட்டினால் லிம்ப் முறுக்கிக்கொள்ளும். முன்கைக்குக் காப்பும், விரலுக்குத் தோலுறையும் வேண்டும். அம்பின் விறைப்பு வில்லின் பலத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். நாம் இழுக்கும் நீளத்தைவிட அம்பு ஓரிரு அங்குலம் நீண்டிருக்கட்டும்; குட்டை அம்பு வில்லுக்குள் நழுவிக் கையைக் குத்தும். ரைசரின் மேடையிலிருந்தே எய்யும் மரபுவழி முறைக்கு இறகு பொருத்திய அம்பே ஏற்றது. இறகு உரசினால் மடங்கிக் கொடுக்கும், பிளாஸ்டிக் மோதித் திசை மாறும். பலகுறைந்த வில் என்பதற்காக எச்சரிக்கை குறையவும் கூடாது. இலக்கின் பின்னால் உறுதியான தடுப்பும், ஆள் நடமாட்டமற்ற வெளியும், பெரியவர் ஒருவரின் மேற்பார்வையும் இல்லாமல் நாணில் அம்பைத் தொடுத்தல் ஆகாது.

பெண்களுக்கு எதற்கு வில் என்று கேட்போரும் உளர். 1908-ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கில் மகளிர் வில்வித்தையில் தங்கம் வென்ற குவீனி நியூவால் அம்மையாருக்கு அப்போது வயது 53. 1988-இல் சியோல் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற கொரியாவின் கிம் சூ நியுங்குக்கு வயது 17. நம் நாட்டின் ராஞ்சியைச் சேர்ந்த தீபிகா குமாரி 2010-இல் டெல்லி காமன்வெல்த் போட்டியில் தங்கம் வென்றபோது வயது 16. பதினாறும் ஐம்பத்து மூன்றும் ஒரே விளையாட்டில் வெல்ல முடிகிறது என்றால், அங்கே வெல்வது வெறும் உடல்வலிமை அன்று. ஒரே செயலை ஒவ்வொரு முறையும் ஒரே விதமாகச் செய்யும் பொறுமையே. அந்தப் பொறுமையைக் கற்க, நடுங்காமல் பிடிக்கக்கூடிய வில் வேண்டும்.

இக்கருத்தை ஏற்று, நம் பள்ளிகளும் வில்வித்தைக்கு இடம் தந்தால் நன்றாக இருக்கும் என்பது அருட்சகோதரியரிடமும் பெற்றோரிடமும் நான் வைக்கும் வேண்டுகோள். ஒவ்வொரு மாணவிக்கும் ஒரு வில் வாங்க வேண்டியதில்லை. ஐ.எல்.எஃப். வகையில் நான்கு ரைசர்களும், அவற்றுள் ஒன்றேனும் இடக்கைக்காரருக்கு உரியதாகவும், வெவ்வேறு பலமுள்ள எட்டு ஜோடி லிம்புகளும் இருந்தால் போதும். ஆறாம் வகுப்புச் சிறுமியும் பத்தாம் வகுப்பு மாணவியும் முறைவைத்துப் பழகலாம். ஆண்டுகள் சென்றபின் பழுதாகும் லிம்பை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

தோழியரே! கனமான வில்லைத் தூக்கிப் புகைப்படம் எடுத்துக்கொள்வது எளிது. மெல்லிய வில்லால் பத்து அம்பையும் ஒரு கையகலத்துக்குள் சேர்ப்பது கடினம். கடினமானதையே நாம் தேர்ந்தெடுப்போம். வில்லுக்கேற்பத் தோளை வருத்தாமல், தோளுக்கேற்ற வில்லை எடுப்போம். தோள் வளர வளர, வில்லும் நம்மோடு வளரட்டும்.