உடுவிலில் ஒரு பூட்டி

கார்த்திகை மாதத்து அடைமழை இரவொன்றில், மின்சாரம் போவதும் வருவதுமாக இருந்த வேளையில், பழைய தமிழ்ச் சொல் ஒன்றின் பொருளை நிச்சயப்படுத்திக்கொள்வதற்காகக் கணினியின் முன் உட்கார்ந்த நான், நள்ளிரவு கடந்து எழுந்தபோது வேறொரு செய்தியோடு எழுந்தேன். 1953 முதல் 1959 வரை அமெரிக்காவின் வெளியுறவுச் செயலராக இருந்து உலக அரசியலையே ஆட்டிவைத்த ஜோன் பொஸ்ரர் டலஸ் என்பவரின் பூட்டி, நான் நாள்தோறும் கடந்து போகும் உடுவில் மகளிர் கல்லூரியைத் தொடக்கிவைத்த அம்மையார்தான் என்பதே அந்தச் செய்தி.

அதற்கு நான் போய்ச் சேர்ந்த வழியும் சொல்லத் தக்கது. நான் தேடிய சொல், சிகாக்கோ பல்கலைக்கழகத்தார் இணையத்தில் ஏற்றிவைத்திருக்கும் வின்சுலோ அகராதியில் அகப்பட்டது. 1862இல் சென்னையில் அச்சான அந்தக் கிரந்தம், நல்லூரில் இருந்த ஜோசப் நைற் பாதிரியார் தொடங்கிய சொற்றொகையிலிருந்து வளர்ந்தது என்பதும், அதை முற்றுவித்த மைரன் வின்சுலோ பாதிரியார் சென்னைக்குப் போகுமுன் உடுவிலிற் பல வருஷம் வசித்தவர் என்பதும் இங்கே பலர் அறிந்த விஷயம். அவரைப் பற்றி மேலும் அறிய விரும்பி, எங்கள் ஊரின் பெயரை இக்காலத்து ஆங்கில எழுத்துக்கூட்டலில் இட்டுத் தேடினேன். காணி விற்பனை விளம்பரங்களும் விளையாட்டுப் போட்டிப் படங்களுமே வந்தன. பிறகுதான் நினைவு வந்தது, பழைய மிசனரிமார் நம் ஊர்ப் பெயர்களைத் தம் காதில் விழுந்தபடி எழுதியவர்கள் என்று. அவர்களுடைய ஏடுகளில் உடுவில் ‘ஊடூவில்’ ஆகவும், வட்டுக்கோட்டை ‘பட்டிக்கோட்டா’ ஆகவும், தெல்லிப்பழை ‘தில்லிப்பல்லி’ ஆகவும், மானிப்பாய் ‘மனேப்பி’ ஆகவும் நிற்கின்றன. அந்தக் கோணல் எழுத்துக்கூட்டலே திறப்பு. அதை இட்ட மாத்திரத்தில், பூட்டிக் கிடந்த ஓர் அறை முழுவதும் திறந்துகொண்டதுபோல், நூற்றைம்பது இருநூறு வருஷத்துப் புத்தகங்களும் கடிதங்களும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன.

அவற்றுள் ஒன்று, வின்சுலோ தம் முதல் மனைவியார் ஹரியற் அம்மையாரின் நாட்குறிப்புகளையும் கடிதங்களையும் கோத்து 1835இல் வெளியிட்ட வாழ்க்கைச் சரித்திரம். கனெற்றிக்கட் மாநிலத்து நோர்விச் என்னும் ஊரில் 1796இற் பிறந்து, 1819இல் பொஸ்ரன் துறைமுகத்திற் கப்பல் ஏறி, திரும்பிப் போவோம் என்ற எண்ணமே இல்லாமல் இந்தப் பனங்காட்டு மண்ணுக்கு வந்த அம்மையார், பெண்பிள்ளைக்கு எழுத்தெதற்கு என்று கேட்ட ஊரிலே 1824இற் பெண்களுக்கென்று விடுதிப் பாடசாலை ஒன்றை நிறுவி, 1833இல் இதே உடுவிலிற் காலமானார். அவருடைய மகள் ஒருத்தி, 1829இல் இலங்கையிற் பிறந்தவள், தாயின் பெயரையே பெற்று அமெரிக்காவில் வளர்ந்தாள். பின்னர் ஜோன் வெல்ஷ் டலஸ் என்னும் பாதிரியாரை மணந்து, அவரோடு ஊழியத்துக்காகச் சென்னைக்கு வந்தாள். இவர்களுடைய மகன் அலன் மேசி டலஸ். அவருடைய பிள்ளைகளே வெளியுறவுச் செயலர் ஜோன் பொஸ்ரர் டலசும், 1953 முதல் 1961 வரை சி.ஐ.ஏ.யின் தலைவராக இருந்த அலன் டலசும், அவர்களுடைய சகோதரியாகிய இராஜதந்திரி எலினோர் டலசும். 1962இல் திறக்கப்பட்ட வொஷிங்டன் விமான நிலையம் மூத்தவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து புலம்பெயர்ந்த எத்தனையோ பேர் அங்கே வந்திறங்கிக் கடவுச்சீட்டை நீட்டியிருப்பார்கள். அந்தப் பெயருக்குரியவரின் பாட்டியார் தங்களைப்போலவே இந்தத் தீவிற் பிறந்தவர் என்று அவர்களில் எத்தனை பேர் அறிவர்?

பெரிய பெயர்களைக் கண்டு மயங்கி இதை எழுதவில்லை. அந்தச் சகோதரர் இருவரும் பதவியிலிருந்த காலத்தில், 1953இல், ஈரானின் பிரதமர் மொசாடெக் கவிழ்க்கப்பட்டதில் அவர்களுக்கிருந்த பங்கை உலகம் அறியும். அதை நான் மெச்சவில்லை. என் மனத்தைத் தொட்டது, அரிவரி கற்றுக்கொடுக்க வந்த ஒரு தாயின் வீட்டிலிருந்து புறப்பட்ட வம்சக் கொடி எங்கெல்லாம் படர்ந்து போயிற்று என்ற ஆச்சரியமே.

ஒரு கதவு திறந்தால் அடுத்ததும் திறக்கும் அல்லவா? மறுநாள் இரவு ‘மனேப்பி’ என்று தேடினேன். சைக்கிளிற் கால்மணி நேரத்திற் போய்ச் சேரக்கூடிய மானிப்பாயில், 1848 முதல் வைத்தியசாலை நடத்தித் தமிழிலேயே மேனாட்டு வைத்தியத்தைப் போதித்த சாமுவேல் பிஸ்க் கிறீன் என்ற பெயர் நமக்குப் புதிதன்று. அவருடைய தமையன் அன்றூ ஹஸ்வெல் கிறீன், நியூயோர்க்கின் மத்திய பூங்காவை உருவாக்குவதில் முன்னின்றவர் என்பதும், சுற்றியிருந்த நகரங்களையெல்லாம் 1898இல் ஒரே மாநகராக இணைத்தமைக்காகப் பெரு நியூயோர்க்கின் தந்தை என்று போற்றப்படுபவர் என்பதும் எனக்குப் புதிது. தமையன் மாநகரைக் கட்டிக்கொண்டிருந்த காலத்தில் தம்பி இங்கே தமிழிற் சொற்களைக் கட்டிக்கொண்டிருந்தார். உடற்கூற்றுக்கு ‘அங்காதிபாதம்’ என்றார். சத்திர சிகிச்சைக்கு ‘இரண வைத்தியம்’ என்றார். 1875இல் வெளிவந்த இரசாயன நூலுக்கு ‘கெமிஸ்தம்’ என்று பெயர் சூட்டினார். ‘கெமிஸ்தம்’ என்ற சொல்லைத் திரையிற் கண்டபோது வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். சிரிப்பு அடங்கியபின், அந்தச் சொல்லின் வேரிலே இருக்கும் துணிவை நினைந்து நெடுநேரம் பேசாமலிருந்தேன். பள்ளிப் பிள்ளை இரசாயனத்தைத் தமிழில் எழுதலாமா என்று பிற்காலத்தார் வாதிட்டார்களே, அந்த வாதத்துக்கு அரை நூற்றாண்டுக்கும் மேல் முந்தியே அவர் எழுதி முடித்துவிட்டார். ஊர் திரும்பி 1884இல் இறந்த அவருடைய கல்லறையில், தமிழருக்கு வைத்திய ஊழியம் செய்தவர் என்னும் கருத்துப்பட அவர் விரும்பியபடியே பொறித்திருக்கிறார்கள்.

இவற்றையெல்லாம் எவரும் எனக்கு அனுப்பிவைக்கவில்லை. நான் தேடிப் போனேன். இக்காலத்துப் பிள்ளைகள் இணையத்தில் உலாவுகிறோம் என்று சொல்லும்போது, பெரும்பாலும் அவர்கள் உலாவுவதில்லை என்பது என் அபிப்பிராயம். பெருவிரலால் தள்ளத் தள்ள, அவர்கள் நேற்று எதை விரும்பினார்களோ அதைப் போன்றதையே கைத்தொலைபேசி இன்றும் கொண்டுவந்து போடுகிறது. விரும்பியதையே திரும்பத் திரும்பத் தருகின்ற ஒன்றினிடத்தில், விரும்ப வேண்டும் என்றே அறியாதிருந்த ஒன்று எப்படி வந்து வாய்க்கும்? பாடசாலைகளிற் கணினி கற்பிக்கும் ஆசிரியர்கள், உங்கள் ஊரின் பெயரைப் பழைய எழுத்துக்கூட்டலில் இட்டு ஒரு கிழமை தேடி, கண்டதை எழுதிக் கொண்டுவாருங்கள் என்று ஒரு பயிற்சி கொடுக்கட்டும்; அந்தப் பிள்ளைகள் எதைக் கொண்டுவருவார்கள் என்று அறிய எனக்குப் பேராவல்.

ஆனால் என் உவகைக்குள்ளே ஒரு முள்ளும் உண்டு. உடுவிலைப் பற்றி நான் கண்டவையெல்லாம் அந்நிய தேசத்தார் எழுதி, அவர்களுடைய நூல்நிலையங்கள் பேணி, அவர்களே படியெடுத்து ஏற்றியவை. நம்மவர் எழுதியவை எங்கே? 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு எரிந்தவை தொண்ணூறாயிரத்துக்கு மேல்; இடம்பெயர்ந்த காலங்களில் வீட்டோடு விட்டுப் போனவற்றுக்கு எண்ணிக்கையே இல்லை. எஞ்சியவற்றைக் காப்பதற்கென்று 2005இல் ஆர்வலர் சிலர் தொடங்கிய ‘நூலகம்’ என்னும் இணைய நூலகம், புத்தகங்களோடு நில்லாமல், பாடசாலை மலர்களையும், கோயிற் கும்பாபிஷேக மலர்களையும், ஒருவர் இறந்த முப்பத்தோராம் நாளில் நாம் அச்சிட்டு வழங்கும் நினைவு மலர்களாகிய கல்வெட்டுகளையும் படியெடுத்து வைத்திருக்கிறது. கல்வெட்டை யார் படிப்பார் என்று நினைக்கிறவர்கள் அதை ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும்.

நான் திறந்து பார்த்தேன். எங்கள் வீட்டு றங்குப் பெட்டியில், கறையான் ஓரத்தை அரித்துவிட்ட, ஊசிக் கம்பி துருப்பிடித்த பெரியம்மாவின் கல்வெட்டு ஒன்று கிடந்தது. தேவாரங்களுக்கும் ஒப்பாரிக்கும் அப்பால், கடைசித் தாளில் ஒரு வம்சாவளி. அதிலே, மலாயாவில் ரெயில்வே உத்தியோகம் பார்த்து அங்கேயே இறந்தார், சந்ததி இல்லை என்று எங்கள் வீட்டிற் சொல்லிவந்த பாட்டனாரின் தம்பியாருடைய பெயருக்குக் கீழே, பொடி எழுத்தில் இரண்டு பெண்களின் பெயர்கள் இருந்தன. எனக்கு எழுபது வயதாகிறது. அந்தப் பெயர்களை அன்றுதான் முதன்முதலாக வாசித்தேன்.

வருகிற திங்கட்கிழமை அந்தக் கல்வெட்டைப் படியெடுக்கக் கொடுக்கப்போகிறேன். பக்கத்து வீட்டு அக்காவும் தம்மிடமுள்ள நான்கைத் தேடி எடுத்து, செய்தித்தாளிற் சுற்றி வைத்திருக்கிறார்.